எடைக்கல்லும் விண்மீனும்: சந்திரசேகர் எல்லையின் வரலாறு

முன்னுரை

வானியல் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பஞ்சாங்கம். அடுத்தபடியாக ஸ்ரீஹரிகோட்டா. இவை இரண்டிலும் சேராத மூன்றாவது துறை ஒன்று உண்டு. அது ஜாதகமும் கணிக்காது, ராக்கெட்டும் விடாது. காகிதம், பென்சில், கணக்கு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் போக முடியாத விண்மீனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வதே அதன் வேலை. கோட்பாட்டு வானியற்பியல் என்று இதற்குப் பெயர்.

இத்துறையில் உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட எண் ஒன்று இருக்கிறது. அந்த எண் 1.44. சூரியனின் எடையைப் போல 1.44 மடங்கு என்பது பொருள். இதற்குச் 'சந்திரசேகர் எல்லை' என்று பெயர். 'எல்லை' என்ற சொல்லைக் கேட்டால் திருப்பதித் தமிழர்களாகிய நமக்கு 1960 ஏப்ரல் 1-ம், திருத்தணி அந்தப் பக்கம் போனதும், நாம் இந்தப் பக்கம் நின்றதும் தான் ஞாபகம் வரும். அது கமிஷன் வைத்துப் பேசி முடித்த எல்லை. விண்மீனின் எல்லைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த எண்ணின் வரலாற்றை எழுத எனக்கு இரண்டு காரணங்கள். சந்திரசேகர் நம்மவர் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம், அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை என்பது ஒன்று. கருந்துளையா, அதெல்லாம் நம் ஏட்டிலே அன்றைக்கே இருக்குது என்று சொல்லிவிட்டுப் படிப்பதையே நிறுத்திவிடுகிற பழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும், எங்கள் சமணரிடமும் வளர்ந்து வருகிறது என்பது மற்றொன்று. நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன், பாத்திர வியாபாரி. ஆனால் எடையும் கணக்கும் எனக்குப் பழகிய சமாச்சாரம். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

பாடலியில் எழுதிய கணக்கு

முதலில் நம் மண்ணின் பழங்கணக்கைப் பார்த்துவிடுவோம். கடலூரில் இன்று திருப்பாதிரிப்புலியூர் என வழங்கும் ஊர் முற்காலத்தில் பாடலி என்ற பெயரோடு சமணர்களின் பெரிய கல்வி நிலையமாக விளங்கியது. திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தது பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் என்று பெரியபுராணம் கூறுவதை அன்பர்கள் அறிவார்கள். அவர் காலத்துக்கும் முன்பே அவ்வூரில் சர்வநந்தி என்ற முனிவர் 'லோகவிபாகம்' என்னும் உலக அமைப்பு நூலைப் பிராகிருதத்தில் செய்தார். மூலம் இன்று இல்லை. சிம்மசூரி என்பவர் வடமொழியில் செய்த வடிவம் கிடைத்துள்ளது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என்று அதில் காலக்குறிப்பு உள்ளது. அதாவது கி.பி. 458. பல்லவர் வரலாற்றுக்குக் காலம் வகுத்தவர்கள் இக்குறிப்பைப் பெரிதும் பயன்படுத்தினர்.

கணித வரலாற்றாரும் இந்நூலை மதிக்கிறார்கள். எண்களை இடமதிப்பு முறையில், பூஜ்யத்துக்கும் தனிச் சொல் வைத்து எழுதியிருக்கிறது. காலம் தெரிந்த நூல்களில் இம்முறை பயின்று வருபவற்றுள் இது மிகப் பழையது என்று பலரும் எடுத்துக்காட்டுவர். நம்ம ஊரில் செய்த நூல் இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்நூலும் அதன் வழிவந்த நூல்களும் சொல்லும் அண்ட அமைப்பு என்ன? நடுவில் மேரு, சுற்றி ஜம்பூத்தீவு, அதற்கு இரண்டு சூரியன், இரண்டு சந்திரன். அன்றைய அறிவுக்கு அது ஒழுங்கான கணக்கு. ஆனால் இன்று அது செல்லாது. கணக்கு முறை நின்றது, அண்ட அமைப்பு நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. பாதியை மறைத்தால் அது எடை குறைத்து நிறுப்பது போலத்தான்.

கப்பலில் போட்ட கணக்கு

சுப்ரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வேயில் கணக்குத் தணிக்கை அதிகாரி. சிற்றப்பா சர் சி.வி. ராமன். படிப்பு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது இந்த இளைஞர் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். நீ படித்து வைத்திருக்கும் அணுக் கொள்கை பழையதாகிவிட்டது, இப்போது புதிய குவாண்டம் கொள்கை வந்திருக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். சந்திரசேகர் சோர்ந்துவிடவில்லை. புதியதைத் தாமே படித்தார். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அப்போது வயது 19-க்குள்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். மேல்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் பயணம். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்க்க இருந்தவர் ஃபௌலர். அந்த ஃபௌலர் 1926-இல் போட்டிருந்த கணக்கைக் கப்பலில் உட்கார்ந்து இவர் நீட்டிப் பார்த்தார். ஒரு சின்னத் திருத்தம் தேவைப்பட்டது. அந்தத் திருத்தம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

வைகுண்டம் கியூவும் எலக்ட்ரானும்

சூரியனைப் போன்ற விண்மீன் எரிந்துகொண்டிருக்கும் வரை, உள்ளிருந்து வரும் சூடு அதன் சொந்த எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. எரிபொருள் தீர்ந்துபோனால் விண்மீன் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிப்போனவற்றுக்கு 'வெள்ளைக் குள்ளன்' என்று பெயர். வானத்திலேயே அதிகப் பிரகாசமான சிரியஸ் விண்மீனுக்குத் துணையாக இப்படி ஒன்று இருப்பதை 1862-இல் கண்டார்கள். எடை ஏறக்குறைய சூரியன் அளவு, உருவமோ பூமி அளவு. அதில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு எடுத்து நிறுத்தால் 2 டன்னுக்கு மேல் நிற்கும். பித்தளையும் வெண்கலமும் நிறுத்துப் பழகிய எனக்கே இதைப் படித்தபோது தலை சுற்றியது.

அவ்வளவு எடையை எது தாங்குகிறது? திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு கம்பார்ட்மெண்ட் நிறைந்தால் அடுத்ததுக்குத்தான் போக வேண்டும். எலக்ட்ரான்களுக்கும் இதே சட்டம். ஓர் 'அறை'க்கு இரண்டு பேர், அதற்கு மேல் அனுமதி இல்லை. 1925-இல் பௌலி கண்ட விதி இது. கீழ் அறைகள் நிறைந்ததும் பின்னால் வருகிற எலக்ட்ரான் மேல் அறைக்குப் போக வேண்டும். மேல் அறை என்றால் அதிக ஆற்றல், அதிக வேகம். விண்மீன் ஆறிக் குளிர்ந்துபோனாலும் இவை சும்மா உட்கார முடியாது, இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டமே வெளிநோக்கிய அழுத்தம். சூடு இல்லாமலே எடையைத் தாங்கும் அழுத்தம். இதைக் கண்டு சொன்னவர் ஃபௌலர்.

16-உம் 32-உம்

இனி கணக்கைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

ஒரு விண்மீன் பாதி அளவாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை மாறவில்லை, ஆரம் மட்டும் பாதி. அப்போது ஈர்ப்பைத் தாங்கத் தேவைப்படும் அழுத்தம் 16 மடங்காகும். இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் பொருள் 8 மடங்கு நெருக்கமாகிறது. ஃபௌலர் கணக்குப்படி அந்த நெருக்கத்தால் எலக்ட்ரான் தரும் அழுத்தம் 32 மடங்காகும். செலவு 16, வரவு 32. ஆகவே எந்த விண்மீனும் சுருங்கிக்கொண்டே வந்து, வரவும் செலவும் சமமாகிற ஓரிடத்தில் நின்றுவிடும். எல்லா விண்மீனுக்கும் நிம்மதியான முதுமை உண்டு என்று அறிஞர்கள் எண்ணியிருந்தது இதனால்தான்.

கப்பலில் இருந்த இளைஞர் கேட்ட கேள்வி இதுதான். இந்த எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறதே, ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியலை இங்கே சேர்க்க வேண்டாமா? ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அதைத் தாண்ட யாருக்கும் அனுமதி இல்லை. மேல் அறைக்குப் போகும் எலக்ட்ரான் இனி வேகத்தைக் கூட்ட முடியாமல் திணறுகிறது. அதனால் அழுத்தமும் முன்போல ஏறாது. சேர்த்துப் பார்த்தால் 32 வர வேண்டிய இடத்தில் 16-தான் வருகிறது!

செலவும் 16, வரவும் 16. அப்படின்னா எவ்வளவு சுருங்கினாலும் லாபம் ஒன்றும் இல்லை. எது ஜெயிக்கும் என்பதை எடை ஒன்றே தீர்மானிக்கும். அதே அளவிலேயே எடையை இரட்டிப்பாக்கினால் செலவு 4 மடங்கு, வரவோ சுமார் இரண்டரை மடங்கு. ஆக ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் கடன் அடைபடாது. விண்மீன் நிற்க இடமில்லாமல் உள்ளே விழுந்துகொண்டே போகும். அந்த எடைதான் எல்லை.

1931-இல் அச்சான கட்டுரையில் அவர் தந்த எண் 0.91. விண்மீனின் உட்பொருள் பற்றிய அன்றைய கருத்தை வைத்து வந்த எண் அது. கார்பன், ஆக்ஸிஜன் போன்ற பொருளுக்கு உரிய மதிப்பைப் போட்டால் 1.44 வருகிறது. இன்று வழங்குவது அதுவே.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்டோனியாவில் ஆண்டர்சன், இங்கிலாந்தில் ஸ்டோனர் என்று இருவர் 1929, 1930-இல் இதே வழியில் நடந்து ஓர் எல்லையை எட்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் விண்மீன் முழுதும் ஒரே நெருக்கம் என்று எளிமையாக எடுத்துக்கொண்டவர்கள். உண்மையான விண்மீன் போல நடுவில் அடர்ந்தும் வெளியே தளர்ந்தும் இருக்கும்படி முழுமையாகக் கணித்து, எண்ணை உறுதி செய்தவர் சந்திரசேகர். நம்மவர் பெருமை பேசும்போது அந்த இருவர் பெயரையும் விடக்கூடாது. விட்டால் நம்மவர் பெருமை கூடிவிடாது, நம்முடைய நம்பகம்தான் குறையும்.

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜில் சந்திரசேகர் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார். அன்றைய வானியற்பியலின் சக்கரவர்த்தி ஆர்தர் எடிங்டன். ஐன்ஸ்டீன் கொள்கையை 1919 சூரிய கிரகணத்தில் சோதித்துக் காட்டியவர். அவர் இந்த இளைஞரின் அறைக்கே வந்து கணக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளைப் படித்தார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அந்த முடிவை எள்ளி நகையாடினார். விண்மீன் இப்படி ஒன்றுமில்லாத புள்ளியை நோக்கி விழுவது அபத்தம், அதைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருந்தே தீர வேண்டும் என்பது அவர் வாதம். சபை சிரித்தது. கவனியுங்கள், கணக்கில் தப்பு என்று அவர் ஓரிடத்தையும் சுட்டிக்காட்டித் திருத்தவில்லை. விடை பிடிக்கவில்லை, ஆகவே கணக்கின் அடிப்படையே தவறு என்றார்.

போர், பௌலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் கருதினார்கள். ஆனால் வெளிப்படையாக வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை நிறவெறி என்று சொல்வாரும் உண்டு. ஆட்சி செய்பவன் நாட்டில் அடிமை நாட்டு இளைஞன் நின்ற காலம் அது, அந்த பாரம் இருந்ததை மறுக்க முடியாது. ஆயினும் ஜீன்ஸ், மில்ன் போன்ற தம் நாட்டாரோடும் எடிங்டன் இதே கடுமையோடு மோதியவர் என்பதையும் வரலாற்றில் எழுத வேண்டும். சந்திரசேகரே எடிங்டனைப் பகைவராகக் கருதவில்லை, நட்பு தொடர்ந்தது. எடிங்டனின் நூற்றாண்டு விழாவுக்காக 1982-இல் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றி, தம் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று அவரைப் போற்றினார். நாங்கள் பரியூஷணத்தின்போது க்ஷமா என்று வாயால் சொல்கிறோம். இவர் செய்தே காட்டினார்.

விழுந்தவை எங்கே?

1937-இல் சந்திரசேகர் அமெரிக்கா சென்றார். 1939-இல் விண்மீன் அமைப்பு பற்றி நூல் எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். அதே 1939-இல் ஓப்பன்ஹைமரும் அவர் மாணவர்களும், எல்லையைத் தாண்டிய பொருள் நியூட்ரான் விண்மீனாகலாம், அதற்கும் ஓர் எடை எல்லை உண்டு, அதையும் தாண்டினால் ஒளிகூடத் தப்பாமல் சுருங்கிவிடும் என்று கணக்கிட்டனர். பிறகு உலகப் போர் வந்தது.

1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, கடிகாரம் போலத் துடிக்கும் ரேடியோ ஒலியை வானிலிருந்து கண்டார். அது நியூட்ரான் விண்மீன். காகிதத்தில் இருந்தது வானத்தில் இருந்துவிட்டது. பின்னர் கருந்துளைகளும் வந்தன. கல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌதுரி 1955-இல் எழுதிய சமன்பாடும், விஸ்வேஸ்வரா 1970-இல் தட்டப்பட்ட கருந்துளை மணிபோல் அதிர்ந்து அடங்கும் என்று காட்டிய கணக்கும் அந்த ஆராய்ச்சிக்குத் தூண்களாயின. வெண்கல மணியைத் தட்டினால் ஓசை எப்படித் தேய்கிறது என்று பார்த்தே தரம் சொல்வோம், அதே சங்கதிதான். 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவு செய்தன. 2019-இல் கருந்துளையின் நிழற்படமும் வெளியாயிற்று.

சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் கிடைத்தது. கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் கழித்து. அவர் 1995-இல் காலமானார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயரிட்டார்கள். லடாக்கில் ஹான்லே மலைமேல் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே.

எடைக்கல்லுக்கு மறு முத்திரை

கடையில் வைத்திருக்கும் எடைக்கல்லைக் குறித்த காலத்தில் ஆபீசுக்கு எடுத்துப்போய் முத்திரை வாங்க வேண்டும். எவ்வளவு நல்ல கல்லானாலும் விலக்கு இல்லை. இப்போது 1.44 என்ற கல்லுக்கு அந்த மறுசோதனை நடந்துகொண்டிருக்கிறது.

என்ன காரணம் என்றால், வெள்ளைக் குள்ளன் பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளை இழுத்து எல்லையை நெருங்கும்போது மொத்தமாக வெடித்துவிடும் என்பது நெடுங்காலக் கருத்து. இதற்கு '1-ஏ வகை சூப்பர்நோவா' என்று பெயர். ஒரே எடையில் வெடித்தால் ஒளியும் ஏறக்குறைய ஒரே அளவு. மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம் என்று பொருள். இதை அளவுகோலாக வைத்துத்தான் 1998-இல் இரண்டு குழுவினர், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டனர். 2011-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே கல்லில் பிசகு இருந்தால் பிரபஞ்சக் கணக்கே பிசகும்.

2003-இல் கண்ட ஒரு வெடிப்பு வழக்கத்தைவிட மிகப் பிரகாசமாக இருந்தது. வெடித்த பொருள் சூரியனைப் போல் சுமார் 2 மடங்கு எடை இருக்க வேண்டும் என்று 2006-இல் எழுதினார்கள். எல்லையைத் தாண்டி எப்படி நின்றது? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பானிப்ரத முகோபாத்யாயும் உபாசனா தாஸும் 2013-இல் ஒரு விடை சொன்னார்கள். மிக வலிமையான காந்தப்புலம் இருந்தால் எலக்ட்ரானின் 'அறை' அமைப்பே மாறிவிடும், அப்போது எல்லை 2.58 வரை போகலாம் என்றார்கள். அவ்வளவு காந்தம் இருந்தால் விண்மீன் உருக்குலையும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரண்டு குள்ளன்கள் மோதிச் சேர்ந்ததே காரணம் என்பாரும் உண்டு. வாதம் நடக்கிறது.

2021-இல் இன்னொரு செய்தி. சுமார் 130 ஒளியாண்டு தூரத்தில் ஒரு வெள்ளைக் குள்ளன். எடை சூரியனைப் போல் சுமார் 1.35 மடங்கு, உருவமோ நம் சந்திரனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெள்ளைக் குள்ளனில் முதல் ஏற ஏறக் கடை சுருங்கும் என்ற சந்திரசேகர் கணக்கு இங்கே கண்ணெதிரே நிற்கிறது. 2025-இல் வேறொரு பழைய வெடிப்பின் மிச்சத்தில் இரண்டு கால்சியம் வளையங்களைக் கண்டார்கள். மேல்தோலில் ஒரு முறை, உள்ளே ஒரு முறை என இரட்டை வெடிப்பு நடந்ததற்கு அது அடையாளம். அப்படியானால் எல்லையை எட்டாமலேகூட வெள்ளைக் குள்ளன் வெடிக்கலாம்.

ஆகவே எல்லை பொய்யாகிவிட்டதா? இல்லை. சுழற்சி இல்லாத, பெரிய காந்தம் இல்லாத, இன்ன பொருளால் ஆன விண்மீனுக்கு 1.44 என்பது இன்றும் சரியே. மாறியிருப்பது, வெடிப்பு எல்லாம் அந்த ஓர் எடையிலேயே நடக்கிறது என்று நாம் வைத்திருந்த நினைப்பு.

சியாத்வாதம் சொல்வது

எங்கள் அநேகாந்தத்தை, எல்லாரும் சொல்வது சரி என்ற சமாதானப் பேச்சாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. எந்தக் கூற்றையும் அதன் நிபந்தனையோடு சொல் என்பதே சியாத்வாதம். இந்த நிலையில், இந்த நோக்கில், இது உண்மை. எடை குறைந்த வெள்ளைக் குள்ளனுக்கு ஃபௌலர் கணக்கு போதும். எடை ஏறினால் சந்திரசேகர் கணக்கு வேண்டும். காந்தம் மிகுந்தால் வேறு கணக்கு வேண்டலாம். நிபந்தனையை உதறிவிட்டு முடிவை மட்டும் பிடித்துக்கொண்டவர் எடிங்டன். அறிவிலே அவரைவிடப் பெரியவர் அன்று இல்லை, இருந்தும் சறுக்கினார்.

இதனால் சமண நூலில் குவாண்டம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இல்லை. பரமாணு என்று எங்கள் நூல் சொல்வது வேறு, எலக்ட்ரான் வேறு. பெயர் ஒத்தால் பொருள் ஒத்துவிடாது. பித்தளையும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

நிறைவாக

நம் பிள்ளைகள் இங்கே தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படிக்கிறார்கள். ஏர்ப்பேட்டில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, 2015-இல் தொடங்கியது. காதங்கியில் வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம். மலைப்பாதையில் ஏறினால் 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறை கண்ணில் படுகிறது. ஜவ்வாது மலையில் காவலூர், அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. அறிவு தூரத்தில் இல்லை. தமிழில் அதைப் பேசுவதுதான் குறைந்துகொண்டே வருகிறது. தமிழில் பேச நமக்குப் பழம்பெருமை ஒன்றே மிஞ்சினால், புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பிள்ளைகள் நம்மிடம் ஏன் தமிழில் கேட்கப் போகிறார்கள்?

ஆகையால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒரு மணியை எடுத்து, நம் பிள்ளைகளில் அறிவியல் படிக்கிறவர் யாராவது ஒருவரை மேடையேற்றி, ஒரே ஒரு கணக்கைக் கரும்பலகையில் தமிழில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். 16-உம் 32-உம் போல ஒன்று போதும். தடுமாறினால் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்போம். பதில் நமக்குப் பிடிக்காவிட்டாலும் கணக்கில் எங்கே தப்பு என்று காட்டிவிட்டுப் பேசுவோம். அந்த 1935 கூட்டத்தில் ஒருவராவது எழுந்து அப்படிக் கேட்டிருந்தால், நியாயம் கிடைக்க அந்த இளைஞருக்கு அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்காது.